பிரெஞ்சு வினைச்சொல்லும் நம் பிள்ளைகளும்

அயல்மொழி ஒன்றைக் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் அஞ்சுவது சொற்களைக் கண்டு அன்று, இலக்கணத்தைக் கண்டே. பிரெஞ்சு மொழியில் ஒரு வினைச்சொல் நிகழ்காலத்திலேயே ஆறு வடிவம் கொள்ளும் என்று கேட்டதும், புத்தகத்தை மூடிவிடுவோர் பலர். லுணுகலை, பசறை, பதுளைத் தோட்டங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த அச்சம் வேண்டியதில்லை என்பதே நாம் சொல்ல வந்தது.

இம்மொழியால் நமக்கென்ன பயன் என்று பெற்றோர் கேட்கலாம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் பிரெஞ்சும் ஒரு விருப்பப் பாடம். எல்ல, பண்டாரவளைப் பக்கம் வரும் பயணிகளில் பிரெஞ்சுக்காரரும் உளர். விடுதியிலோ வழிகாட்டியாகவோ வேலை தேடும் இளைஞருக்கு அவர்கள் மொழியில் நான்கு வாக்கியம் பேசத் தெரிவது பெருந்துணையாகும்.

இனி வினைச்சொல்லுக்கு வருவோம். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறோம், பேசுகிறீர்கள், பேசுகிறார்கள் என்று நம் குழந்தை பள்ளிக்குப் போகும் முன்பே பிழையின்றிச் சொல்கிறது. ஆங்கிலத்திலோ 'ஸ்பீக்', 'ஸ்பீக்ஸ்' என்னும் இரண்டே வடிவங்கள். ஆகவே ஆங்கிலத்தின் வழியே பிரெஞ்சு கற்பவனுக்கு ஆறு விகுதி புதுமை. தமிழின் வழியே கற்பவனுக்கு அது பழக்கம். 'பேசுகிறேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் இருவகை வாக்கியம் உண்டு. பிரெஞ்சிலோ, தமிழைப் போல, ஒரே வடிவம் இரண்டு பொருளுக்கும் போதும்.

'பார்லே' என்பது பேசுதல். 'ஜெ பார்ல்' நான் பேசுகிறேன். 'து பார்ல்' நீ பேசுகிறாய். 'இல் பார்ல்' அவன் பேசுகிறான். 'நூ பார்லோன்' நாம் பேசுகிறோம். 'வூ பார்லே' நீங்கள் பேசுகிறீர்கள். 'இல் பார்ல்' அவர்கள் பேசுகிறார்கள். எழுத்தில் வேறுபட்டாலும் இவற்றுள் நான்கு, காதுக்கு 'பார்ல்' என்றே ஒலிக்கும். தமிழில் 'நான்' என்பதை விட்டாலும் விகுதி ஆளைக் காட்டிவிடும். பிரெஞ்சில் அவ்வாறு விட இயலாது. ஆசிரியர்கள் முதலில் வற்புறுத்த வேண்டியது இதுவே.

மரியாதையிலும் ஒற்றுமை உண்டு. தோழனை 'து' என்றும், ஆசிரியரையும் அறிமுகமில்லாதவரையும் 'வூ' என்றும் அழைப்பர். நம் 'நீ'யும் 'நீங்க'ளும் இவையே அன்றோ!

பிரெஞ்சு வினைகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் 'பார்லே' என்பதன் வகுப்பைச் சேர்ந்தவை. ஆகவே ஒன்றைக் கற்றவர், அந்த வகுப்பின் பெரும்பகுதியைக் கற்றவராவர். பிள்ளைகளின் அன்றாட வாழ்விலிருந்தே பயிற்சி தொடங்கட்டும்: மார்ஷே (நடத்தல்), லவே (கழுவுதல்), ஷாந்தே (பாடுதல்), ஜுவே (விளையாடுதல்), போர்த்தே (சுமத்தல்), த்ரவாயே (வேலை செய்தல்). ஒரு பிள்ளை நடந்துகொண்டே 'ஜெ மார்ஷ்' என்று சொல்லட்டும். மற்றவர்கள் அவனைச் சுட்டி 'இல் மார்ஷ்' என்று சொல்லட்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து நடந்து 'நூ மார்ஷோன்' என்று முழங்கட்டும். அட்டவணையை மனனம் செய்வதினும் இது நெஞ்சில் நிற்கும்.

கொழுந்து பறித்தலைக் குறிக்கும் 'கெயிர்' என்னும் சொல் இந்த வகுப்பைச் சேர்ந்ததன்று. ஆயினும் நிகழ்காலத்தில் அதுவும் இவ்விகுதிகளையே ஏற்கும்: 'ஜெ கெய்', நான் பறிக்கிறேன்; 'நூ கெயோன்', நாம் பறிக்கிறோம். தாயின் தொழிலையே பிள்ளை அயல்மொழியில் சொல்லத் தடையில்லை.

தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் உறவு புதிதன்று. புதுச்சேரியில் 1826இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. அங்கிருந்த பாதிரிமார் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அச்சேறியது. அவர்கள் தமிழைக் கற்றுப் பிரெஞ்சுக்குப் பாலம் அமைத்தார்கள். அதே பாலத்தில் மறுபுறமிருந்து நடக்க நம் பிள்ளைகளுக்கும் உரிமையுண்டு. அதற்கு வேண்டிய முதற்பொருள் அவர்களுடைய தாய்மொழி. அதை நன்கு பேசவும் எழுதவும் பழக்குவதே, பிற மொழிக்குப் பெற்றோர் செய்யக்கூடிய சிறந்த உதவியாகும்.