கோட்டைச் சுவர் மட்டும் நாட்டைக் காக்காது: சங்ககிரியும் போலந்தும் சொல்லும் பாடம்

சேலத்திலிருந்து ஈரோடு செல்பவர்கள் சங்ககிரி மலைக்கோட்டையைப் பார்க்காமல் கடக்க முடியாது. நாமக்கல் நகரின் நடுவிலும் ஒரு பாறைக் கோட்டை நிற்கிறது. இந்தக் கோட்டைகளுக்காக மைசூர் ஆட்சியாளர்களும் ஆங்கிலேயக் கம்பெனியும் பல ஆண்டுகள் மோதினர். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் சேலம் பகுதியைக் கம்பெனியிடம் இழந்தார். 1799 மே 4 அன்று தம் தலைநகரைக் காக்கும் போரில் ஷஹீதானார்.

அந்தப் போர்களில் யார் யார் பக்கம் நின்றார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஹைதராபாத் நிஜாம் முஸ்லிம். அவர் கம்பெனியோடு சேர்ந்தார். கொங்கு மண்ணின் தீரன் சின்னமலை இந்து. அவர் திப்புவின் பக்கம் நின்றார். திப்புவுக்குப் பிறகும் கம்பெனியை எதிர்த்த சின்னமலை 1805இல் இதே சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். மண்ணைக் காக்கும் போரில் மதம் கோடு கிழிக்கவில்லை.

நம் பகுதி கைமாறிய அதே ஆண்டுகளில், ஐரோப்பாவில் ஒரு நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது. 1772, 1793, 1795 என மூன்று முறை ரஷ்யாவும் பிரஷ்யாவும் போலந்தைப் பங்கு போட்டன; 1772இலும் 1795இலும் ஆஸ்திரியாவும் சேர்ந்துகொண்டது. 123 ஆண்டுகளுக்குப் பிறகு, 1918இல்தான் அது மீண்டும் தனி நாடானது. 1939இல் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் மறுபடி அதைப் பிரித்துக்கொண்டன. இன்று அந்நாடு தன் பொருளாதாரத்தில் 4 சதவீதத்துக்கும் மேல் பாதுகாப்புக்குச் செலவிடுவதற்கு இந்தக் காயங்களும் ஒரு காரணம்.

கத்தோலிக்கர் நிறைந்த அந்த நாட்டின் காவலில் முஸ்லிம்களுக்கும் பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் லித்துவேனிய, போலந்து மண்ணில் குடியேறிய தாத்தார் முஸ்லிம்கள், படைச் சேவைக்கு ஈடாக நிலமும் மார்க்கத்தைப் பின்பற்றும் உரிமையும் பெற்றனர். 1410 குரூன்வால்டு போரிலேயே அவர்கள் களத்தில் இருந்தனர்.

17ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. சம்பளம் பாக்கி விழுந்தது; மார்க்க உரிமைகளில் கை வைக்கப்பட்டது. 1672இல் தாத்தார் படைவீரர்களில் பலர் உதுமானியர் பக்கம் போய்விட்டனர். அவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பறித்த உரிமைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1679இல் மன்னர் சோபியெஸ்கி, சம்பள பாக்கிக்கு ஈடாகக் கிராமங்களில் நிலம் கொடுத்தார். 4 ஆண்டுகள் கழித்து, வியன்னா போரில் உதுமானியப் படைக்கு எதிராக அதே தாத்தார்கள் மன்னரின் படையில் நின்றனர். 1794 விடுதலை எழுச்சியில் முஸ்லிம் தளபதி யூசெப் பியெலாக் பங்கேற்றார். 1939இல் ஜெர்மானியரை எதிர்த்த போலந்துக் குதிரைப்படையில் தாத்தார்களுக்குத் தனிப் பிரிவே இருந்தது.

மன்னர் நிலம் கொடுத்த ஊர்களான குருஷினியானியிலும் போஹொனிகியிலும் இன்றும் மரத்தாலான பள்ளிவாசல்கள் உள்ளன. 2012இல் போலந்து அவற்றைத் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவித்தது.

உரிமையும் விசுவாசமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே இதில் உள்ள பாடம். குடிமக்களை நீதியோடு நடத்தும் நாட்டுக்கு அந்த மக்களே அரண். அநீதி எத்தனை உறுதியான கோட்டைக்குள்ளும் விரிசல் விடும்.

"இந்த நாட்டுக்காக உங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்?" என்ற கேள்வியை நம் பிள்ளைகள் பள்ளியிலோ கல்லூரியிலோ சந்திக்க நேரலாம். கோபப்படாமல் பதில் சொல்ல வரலாறு தெரிந்திருக்க வேண்டும். சங்ககிரிக்குக் குடும்பத்தோடு போகும்போது திப்புவின் பெயரையும் சின்னமலையின் பெயரையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு மையம் என்பதையும் சொல்வோம். நாட்டைக் காத்ததில் நம் முன்னோருக்குப் பங்கு இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும்.