மார்கழி குளிரில் நடுங்கும் பிஞ்சுகள்: வகுப்பறை ஜன்னலை சாத்தலாமா, கூடாதா?

பேரையூர்:

மார்கழி பிறந்துவிட்டால் பள்ளிக்கூடங்களில் ஒரு பஞ்சாயத்து தொடங்கிவிடும். ஜன்னலை திறந்து வைப்பதா, சாத்தி வைப்பதா என்பது தான் அது. "புள்ள குளிர்ல நடுங்குது, ஜன்னலை சாத்துங்க டீச்சர்" என்பார்கள் பெற்றோர். "சாத்தினா காத்து வராது, ஒருத்தனுக்கு இருமல் வந்தா எல்லாருக்கும் வந்துரும்" என்பார் டீச்சர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதற்கு பெரிய செலவும் கிடையாது.

மதுரையில் என்ன பெரிய குளிர் என்று கேட்கலாம். கொடைக்கானல், ஊட்டி மாதிரி இங்கே உறைபனி கொட்டப்போவதில்லை. மதுரையில் மார்கழி, தை மாத அதிகாலை வெப்பநிலை சராசரியாக 20 டிகிரி செல்சியசை ஒட்டித் தான் இருக்கும். வீட்டுக்குள் 18 டிகிரிக்கு குறையாமல் இருப்பது உடம்புக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த கணக்குப்படி நமது குளிர் ஆபத்தான குளிர் அல்ல.

ஆனால் பேரையூர், சாப்டூர், எழுமலை பக்கம் மேற்கு தொடர்ச்சி மலை அடிவாரம். இரவில் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனமாகி கீழே இறங்கும். போதாக்குறைக்கு வடகிழக்கு பருவமழையின் ஈரமும் வாடைக்காற்றும் சேர்ந்து கொள்ளும். வருஷம் முழுக்க வெயிலில் பழகிய உடம்புக்கு இந்த குளிரே அதிகம். அதிலும் 5 வயது குழந்தைக்கு கேட்கவே வேண்டாம்.

குழந்தைக்கு மட்டும் ஏன் அதிக குளிர்?

நமது உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி. இந்த சூடு தோல் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சின்ன குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களை விட அதிகம். சின்ன டம்ளர் காபி சீக்கிரம் ஆறிவிடும், பெரிய தூக்குச்சட்டி காபி மெதுவாகத் தான் ஆறும் இல்லையா? அதே கதை தான். அப்பா சட்டையோடு சும்மா நிற்கும் குளிரில் பிள்ளை கிடுகிடு என நடுங்குவது இதனால் தான்.

உடம்பு சூட்டை இழக்க 3 முக்கிய வழிகள் உண்டு. முதலாவது காற்று. டிவிஎஸ் 50 வண்டியில் முன்னால் நிற்க வைத்து பிள்ளையை கூட்டிப்போனால் எதிர்காற்று முழுவதையும் வாங்குவது அந்த பிள்ளை தான். பின்னால் இருக்கும் அப்பாவுக்கு பிள்ளையே மறைப்பு.

இரண்டாவது ஈரம். தண்ணீர் காற்றை விட சுமார் 25 மடங்கு வேகமாக சூட்டை கடத்தும். நனைந்த சீருடையோடு உட்கார்ந்தால் உடம்பு சூடு மளமளவென இறங்கும்.

மூன்றாவது தரை. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு 1 முதல் 3-ம் வகுப்பு வரை பிள்ளைகளை வட்டமாக தரையில் உட்கார வைத்து பாடம் நடத்துகிறார்கள். பாடத்துக்கு அது நல்லது. ஆனால் மார்கழி காலையில் சிமெண்ட் தரையும் டைல்ஸ் தரையும் ஜில்லென்று இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்காரும் பிள்ளையின் சூட்டை தரை உறிஞ்சிவிடும்.

இந்த மூன்றில் ஜன்னலால் வருவது ஒன்று தான். மற்ற இரண்டும் ஜன்னலை சாத்தினாலும் போகாது.

சாத்தினால் என்ன ஆகும்?

20 அடிக்கு 20 அடி வகுப்பறை. 30 பிள்ளைகள். ஒவ்வொரு மூச்சிலும் கரியமில வாயு வெளியே வரும். வெளிக்காற்றில் 10 லட்சம் பங்குக்கு சுமார் 420 பங்கு தான் கரியமில வாயு இருக்கிறது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக சாத்திய வகுப்பில் அரை மணி நேரத்துக்குள் அது 1,000-ஐ தாண்டிவிடும். பிள்ளைகளுக்கு கொட்டாவி வரும். தலைவலி வரும். பாடம் ஏறாது.

அதை விட பெரிய பிரச்சினை நோய். ஜலதோஷம் குளிர் காற்றால் வருவதில்லை, வைரஸ் கிருமியால் வருகிறது. ஒரு பிள்ளை இருமினால் அந்த கிருமி காற்றில் மிதக்கும். காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் அடுத்த பிள்ளை அதை சுவாசிக்கும். ப்ளூ, தட்டம்மை, காசநோய், கொரோனா எல்லாம் இந்த வழியில் பரவுபவை தான்.

ஒரு ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. 30 பேர் இருக்கும் வகுப்புக்கு கணக்கு போட்டால் 6 நிமிடத்துக்கு சற்று மேல் ஒரு தடவை அறைக்காற்று முழுவதும் மாற வேண்டும். ஜன்னலை அடைத்துவிட்டு இது நடக்காது.

மதுரை அருகே தோப்பூரில் நெஞ்சக நோய்க்கு என்றே அரசு ஆஸ்பத்திரி இருப்பது இந்த பக்கத்து மக்களுக்கு தெரியும். நுரையீரல் நோய்க்கு நல்ல மருந்துகள் வருவதற்கு முன்பு, நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் தான் வைத்தியமாக இருந்தது.

100 வருஷத்துக்கு முன்பே பார்த்த பாடு

குளிர் நாடுகளில் இந்த பாட்டை எப்போதோ பட்டுவிட்டார்கள். காசநோய் பயத்தால் 1904-ல் ஜெர்மனியில் பெர்லின் அருகே சார்லட்டன்பர்க்கில் காட்டுக்குள் திறந்தவெளி பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 1908-ல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஜன்னல்களை திறந்து போட்டே வகுப்பு நடத்தினார்கள். அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். அதற்காக ஜன்னலை சாத்தவில்லை. பிள்ளைகளை கதகதப்பான கம்பளி பையில் இடுப்பு வரை உட்கார வைத்தார்கள். காலுக்கு கீழே சூடுபடுத்திய மாக்கல்லை வைத்தார்கள்.

கொரோனா காலத்தில் அதே ஜெர்மனியில் 2020-ல் ஒரு யோசனை சொன்னார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா ஜன்னலையும் அகல திறந்து சில நிமிடம் வைத்துவிட்டு சாத்துங்கள் என்பது தான் அது. சுவரும் தரையும் ஆறுவதற்குள் காற்று மட்டும் மாறிவிடும். குளிருகிறது என்று புகார் வந்தபோது, லேசாக முட்டி மடக்கி உட்கார்ந்து எழுங்கள், கை தட்டுங்கள் என்று அப்போதைய ஜெர்மனி பிரதமர் ஏஞ்சலா மெர்க்கலே யோசனை சொன்னார். நம்ம ஊர் தோப்புக்கரணம் தான்!

அந்த காலமோ இந்த காலமோ, அவர்கள் கண்டுபிடித்த சூத்திரம் ஒன்று தான். அறையை சூடாக்க பார்க்காதே, பிள்ளையை சூடாக வை.

வகுப்பில் செய்ய வேண்டியது

பழைய பள்ளி கட்டிடங்களில் ஜன்னலுக்கு மேல் கதவு, கீழ் கதவு என்று தனித்தனியாக இருக்கும். குளிர் காலையில் கீழ் கதவை மட்டும் சாத்திவிட்டு மேல் கதவை திறந்து வைத்தால் போதும். மூச்சுக்காற்று சூடானது, மேலே தான் போகும். மேல் கதவு வழியாக அது வெளியேறிவிடும். தரையில் இருக்கும் பிள்ளை மேல் காற்று நேராக அடிக்காது. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் பலன் குறைவு. எதிர் எதிர் சுவர்களில் திறந்தால் தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும்.

ஒற்றை கதவு ஜன்னலாக இருந்தால் வாடைக்காற்று அடிக்கும் வடக்கு, கிழக்கு பக்கத்தில் பாதி மட்டும் திறக்கலாம். மணி அடித்து பிள்ளைகள் வெளியே ஓடும் நேரத்தில் எல்லாவற்றையும் அகல திறந்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு சாத்தவே வேண்டாம். கொசுவுக்கு பயந்து சாத்துகிறோம் என்றால் ஜன்னலில் வலை அடிப்பது தான் வழி. டெங்கு கொசு பகலில் தான் கடிக்கும், அதனால் வலை இரட்டை லாபம்.

தரைக்கு கோரைப்பாய் அல்லது ஜமுக்காளம் கட்டாயம் வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் சுத்தமான சாக்கை இரண்டாக மடித்து போட்டாலும் தரை குளிர் ஏறாது. காய்ச்சல், இருமல் உள்ள பிள்ளையையும் ஒல்லிப்பிள்ளையையும் ஜன்னலுக்கு நேராக உட்கார வைக்கக்கூடாது. முதல் பாடவேளையை கிழக்கு வெயில் விழும் வராண்டாவிலோ மைதானத்திலோ நடத்தினால் பிள்ளைகள் வெயில் காய்ந்த மாதிரியும் ஆச்சு, பாடம் படித்த மாதிரியும் ஆச்சு.

நெருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்

குளிருக்கு அடக்கமாக கரி அடுப்பு, கும்முட்டி, நெருப்புச்சட்டி எதையும் வகுப்பறையிலோ அங்கன்வாடியிலோ வைக்கவே கூடாது. அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்குகிற பிள்ளை தூங்கியபடியே போய்விடும்.

தீ விபத்து பயம் வேறு. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளி சமையல் அறையில் பிடித்த தீ கூரைக்கு பரவி 94 குழந்தைகள் கருகி பலியானதை தமிழ்நாடு மறக்காது. அதற்கு பிறகு தான் பள்ளிகளில் கீற்றுக்கொட்டகைகள் அகற்றப்பட்டன.

வீட்டில் செய்ய வேண்டியது

ஒரே ஒரு கனமான சட்டையை விட இரண்டு மெல்லிய சட்டை மேல். இரண்டுக்கும் நடுவே நிற்கும் காற்று தான் சூட்டை காக்கும். சீருடைக்கு உள்ளே ஒரு பனியன் போட்டாலே பாதி குளிர் போச்சு. வண்டியில் போகும்போது காதை மூடி குல்லா அல்லது ஸ்கார்ப் கட்டி, பிள்ளையை முன்னால் நிறுத்தாமல் நடுவில் உட்கார வைக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு காலையில் தலைக்கு ஊற்றி ஈரத்தோடு இறுக்கி சடை பின்னி அனுப்புவது ரொம்ப தப்பு. மத்தியானம் வரை தலை காயாது. லீவு நாளில் வெயில் நேரத்தில் தலைக்கு ஊற்றினால் போதும். மழைக்காலத்தில் பையில் ஒரு துண்டும் மாற்றுச்சட்டையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்து அனுப்பலாம். நனைந்து வரும் பிள்ளைக்கு டீச்சர் மாற்றிவிட வசதியாக இருக்கும்.

வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது. சாப்பாடு தான் உடம்புக்கு விறகு. காட்டு வேலைக்கு விடியலிலேயே போகும் வீடுகளில் காலையில் உலை வைக்க நேரம் இருக்காது. அரசு தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவு திட்டம் இதற்கு கைகொடுக்கிறது. 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் தான் இது தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 25-ந் தேதி எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவானது. மார்கழியில் சூடான பொங்கலும் உப்புமாவும் ஒரு ஸ்வெட்டருக்கு சமம். எனவே மணி அடிக்கும் நேரத்துக்கு அனுப்பாமல் சாப்பாட்டு நேரத்துக்கே அனுப்புவது நல்லது.

இருமல் வந்தால்...

சாதாரண சளிக்கு வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, ஓய்வு போதும். கடையில் கேட்டு சிரப் வாங்கி ஊற்றும் பழக்கம் ஆபத்து. 2025-ல் நச்சு ரசாயனம் கலந்த இருமல் சிரப் குடித்து மத்தியபிரதேசத்தில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அந்த மருந்து காஞ்சீபுரம் மாவட்டத்தில் தயாரானது. 2 வயதுக்கு கீழ் உள்ள குழந்தைகளுக்கு இருமல் சிரப் கொடுக்கவே கூடாது, 5 வயதுக்கு கீழ் பொதுவாக தேவையில்லை என்று மத்திய அரசு அப்போது எச்சரித்தது.

1 முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தை சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு கீழே குழி விழுந்தாலும், வீசிங் சத்தம் கேட்டாலும் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கொண்டு போக வேண்டும். அவசரம் என்றால் 108.

அடிவாரத்துக்கு ஸ்வெட்டர் உண்டா?

மலைப்பகுதி பள்ளி பிள்ளைகளுக்கு விலையில்லா கம்பளி ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ் வழங்கும் திட்டம் தமிழக அரசிடம் உண்டு. கொடைக்கானல், நீலகிரி பிள்ளைகளுக்கு அது அவசியம். ஆனால் மலைக்கு மேலே இருந்தால் தான் மலைப்பகுதி. மலையின் காலடியில் இருந்தால் சமவெளி கணக்கு. அடிவார ஊர் பிள்ளைக்கு ஸ்வெட்டரே வேண்டாம், மழைக்காலத்துக்கு ஒரு மழைக்கோட்டும் உட்கார ஒரு பாயும் கிடைத்தாலே போதும்.

இதை கேட்க இடம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக்குழு உண்டு. அதில் பெற்றோர் தான் பெரும்பான்மை. கூட்டத்துக்கு போய் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், பாய், ஜன்னல் வலை, உடைந்த ஜன்னல் கொக்கி இந்த மூன்றையும் தீர்மானமாக எழுத சொல்லலாம். வெளியூரில் நல்ல நிலையில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் அரசு பள்ளிக்கு உதவ 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் உண்டு. கல்வி சம்பந்தமான சந்தேகங்களுக்கு 14417 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஜன்னல் கொக்கி உடைந்து கிடந்தால் ஒரே வழி, எப்போதும் திறந்தே கிடக்கும் அல்லது எப்போதும் சாத்தியே கிடக்கும். கொக்கி சரியாக இருந்தால் தான் வேண்டும்போது திறக்கலாம், வேண்டும்போது மூடலாம். கார்த்திகைக்குள் அதை மாட்டிவிட்டால் மார்கழியில் டீச்சரோடு பஞ்சாயத்து பண்ண வேண்டிய வேலை இருக்காது.