விட்ட பாட்டைத் தொட வருகிறவர்கள்

விஜயதசமி காலையில் பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணை, புதிதாக அட்டை போட்ட 'கானாம்ருத போதினி'. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளின் நாள் அது. சில வருடங்களாக அந்த வரிசையில் பெரியவர்களும் நிற்கிறார்கள். பெண்ணைச் சேர்க்க வந்த அம்மா, "நானும் சேர்ந்துக்கலாமா மாமி?" என்று குரலை இறக்கிக் கேட்கிறார். விருப்ப ஓய்வு வாங்கிய வங்கி ஊழியர் வருகிறார். பையனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வெறிச்சோடிய வீட்டில் இருக்கும் தம்பதி வருகிறார்கள். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதை. சின்ன வயதில் கீதம் தாண்டி, மோகன வர்ணம் வரை வந்தவர்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக ஒரு வருஷம் மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஒரு வருஷம் இருபது, இருபத்தைந்து வருஷமாகிவிட்டது.

இவர்களைப் புதிதாகக் கற்க வருபவர்கள் கணக்கில் சேர்ப்பது தப்பு. குழந்தைக்குத் தன் குரல் மேல் சந்தேகமே கிடையாது. அபஸ்வரமாக இருந்தாலும் தெருமுனை வரை கேட்கப் பாடும். திரும்பி வருபவரோ பாதி ஸ்வரத்தில் நிறுத்திவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்க்கிறார். இத்தனை வருஷம் கச்சேரி கேட்ட காது அவருடையது. நல்ல பாட்டு எது என்று அதற்குத் தெரியும். தன் தொண்டையிலிருந்து வருவது அது இல்லை என்பதும் அதே காதுக்குத் தெரிகிறது. இந்த உறுத்தல் தாங்காமல் இரண்டாம் மாதமே நின்றுபோகிறவர்கள் நிறைய.

பாட்டை விட்டதற்குப் பரீட்சையும் கல்யாணமும் காரணமாகச் சொல்லப்பட்டாலும், அதற்கு முன்னாலேயே உள்ளுக்குள் ஒரு சந்தேகம் அரித்திருக்கும். பையன்களுக்கு அது மகரக்கட்டில் ஆரம்பிக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைகிறது. நேற்று வரை அனாயாசமாகத் தொட்ட மேல் ஸட்ஜம் இன்று பிளிறுகிறது. அந்த வயதில் கூடப் படிக்கும் பெண்கள் எதிரில் பிளிறுவதைவிடப் பெரிய அவமானம் உண்டா? மிருதங்கத்துக்கோ கிரிக்கெட்டுக்கோ போய்விடுகிறார்கள். குரல் இரண்டொரு வருஷத்தில் தானே படிந்துவிடும், அதுவரை கீழ் ஸ்தாயியில் மெதுவாகப் பாடிக் காத்திரு என்று சொல்ல ஆள் இருந்த பையன் தப்பித்தான்.

பெண்களுக்கு வேறு விதம். பாடுவது எதற்காக என்ற கேள்வி. பெண் பார்க்க வரும் நாளில் ஒரு பாட்டு பாடத்தான் இத்தனை வருஷமா என்று பதினெட்டு வயதில் கோபப்பட்டு நோட்டுப் புத்தகத்தைப் பரணில் போட்டவர்கள் உண்டு. அர்த்தம் தெரியாத தெலுங்கில் உருகிப் பாடச் சொன்னதில் அலுத்துப் போனவர்கள் உண்டு. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்த அதே ஆதங்கம்தான். இப்படிப்பட்டவர்கள் இப்போது கோபாலகிருஷ்ண பாரதி, முத்துத்தாண்டவர், பாபநாசம் சிவன் ஆகியோரின் தமிழ்ப் பாடல்கள் வழியாகத் திரும்பி வருகிறார்கள். பிடித்துப் பாடுகிறார்கள். 2018-ல் இசை உலகத்துக்குள்ளிருந்தே பெண்கள் பாலியல் புகார்களை வெளிப்படையாகச் சொன்னபோது, கற்றுக்கொள்ளும் இடம் பத்திரமானதா என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. அது நியாயமான சந்தேகம். கதவு திறந்திருக்கும் கூடத்தில், நாலு பேர் நடமாடும் வீட்டில் வகுப்பு நடக்கிறதா என்று பார்த்துச் சேர்வதில் கூச்சமே வேண்டாம்.

ஆனால் எல்லாச் சந்தேகங்களும் கடைசியில் தொண்டையில் வந்துதான் நிற்கின்றன. நங்கநல்லூரில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. சிறுமியாக இருந்தபோது ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடியவர். வந்ததும் வராததுமாக ஒரு கல்யாணி கிருதியின் நோட்டை எடுத்து வைத்தார். டீச்சர் அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு, தம்புரா ஆப்பை ஐந்து கட்டையில் வைத்து ஸட்ஜம் பிடிக்கச் சொன்னார். பிறகு நாலரை. பிறகு நாலு.

"நாலு கட்டையா மாமி? எல்லாரும் அஞ்சுல பாடறாளே."

"பாடட்டும்மா. மேல் பஞ்சமம் உனக்கு எங்க சிரமமில்லாம நிக்கறதோ அதான் உன் சுருதி. ஸ சொல்லு."

அரைமணி நேரத்துக்கு மேல் ஸ, ப, மேல் ஸ, இவ்வளவுதான். பிறகு மாயாமாளவகௌளையில் ஒரே ஒரு சரளி வரிசை, முதல் காலத்தில். பதினைந்தாவது மேளமான அந்த ராகத்தை ஆரம்பப் பாடமாக வைத்தவர் புரந்தரதாசர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதன் ரிஷபம் ஸட்ஜத்தை ஒட்டியே உட்காரும். அங்கிருந்து காந்தாரத்துக்கு ஒரு பெரிய தாவல். குழந்தைகள் அந்தத் தாவலில் சறுக்குவார்கள். இந்தப் பெண்மணி சறுக்கியது ரிஷபத்தில். ஒவ்வொரு முறையும் இம்மி தூக்கலாக விழுந்தது. டீச்சர் வாயால் எதுவும் சொல்லவில்லை. ஆள்காட்டி விரலை லேசாக இறக்கிக் காட்டினார். நாலாவது முறை தானும் கூடச் சேர்ந்து பாடினார். இரண்டு குரலும் ஒன்றாகி, ரிஷபம் தம்புராவுக்குள் போய் அமர்ந்தது. "கழுத்து நரம்பு புடைக்கறது பாரு, அங்கதான் தப்பு. தாடையை விடு" என்றார். அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

கட்டை இறங்குவதை இழப்பாக நினைக்க வேண்டியதில்லை. நாற்பதுக்கு மேல் பெண்களின் குரல் இறங்குவது இயற்கை. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஹார்மோன் மாற்றத்தால் குரல் நாண்கள் சற்றுத் தடிக்கும். தைராய்டு குறைபாடு இருந்தால் குரல் கரகரக்கும். நெஞ்செரிச்சல்காரர்களுக்குக் காலையில் தொண்டை கட்டும். நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கும் ஆசிரியர்களுக்குக் குரல் நாணில் முடிச்சு விழுவது உண்டு. சாதகம் போதவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்ளும் முன், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. குரல் கனத்துவிட்டதே என்று வருந்தும் ஆண்கள் எம்.டி. ராமநாதனைக் கேட்கலாம். கனத்த கீழ்க்குரல், விளம்ப காலம். அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் சங்கீதத்தில் தனக்கென்று ஓர் இடம் பிடித்தார். செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) இயல்பிலேயே தோதான குரல் வாய்த்தவர் இல்லை. சாதகத்தால் அதை வசப்படுத்தினார்.

திரும்பி வருவதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய உதாரணம் வடக்கே இருக்கிறது. குமார் கந்தர்வா (1924–1992), சிறுவனாக இருக்கும்போதே மேடைகளில் கொண்டாடப்பட்ட ஹிந்துஸ்தானிப் பாடகர். 1940களின் கடைசியில் காசநோய் தாக்கியது. பாடவே கூடாது என்றார்கள் மருத்துவர்கள். மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் நகரில் ஆண்டுக்கணக்கில் படுக்கை. அங்கே காதில் விழுந்த மால்வா நாட்டுப்புறப் பாடல்களை உள்வாங்கிக்கொண்டே கிடந்தார். 1950களின் தொடக்கத்தில் மேடைக்குத் திரும்பியபோது நுரையீரல் பழையபடி இல்லை. நீண்ட மூச்சு கிடையாது. இருந்த மூச்சுக்கு ஏற்றபடி சின்னச் சின்ன வீச்சுகளாகப் பாடினார். அதுவே அவர் பாணியானது.

வீணைக்குத் திரும்புகிறவர்களுக்கு உடம்போடு வாத்தியமும் பிரச்சினை. பலா மரக் குடம் அப்படியே இருக்கும். ஆனால் 24 மெட்டுகளைத் தாங்கும் மெழுகு காய்ந்து வெடித்திருக்கும். மெட்டு ஆடும், ஸ்வரம் பேசாது. ஆள் பிடித்து மேளம் கட்டாமல், அதாவது மெட்டுகளைப் புது மெழுகில் பதிக்காமல் உட்கார்ந்தால், தப்பு வாத்தியத்துடையது என்று தெரியாமல் கை போய்விட்டது என்று அழுவார்கள். விரலில் பழைய காய்ப்பு மறைந்திருக்கும். முதல் இரண்டு வாரம் நுனி எரியும். அதைத் தாண்டினால் கை நினைவு வைத்திருப்பது தெரியும். வர்ணத்தின் சிட்டை ஸ்வரம் மனதுக்கு மறந்திருக்கும், விரல் தானாகப் போகும்.

இனி என் கவலைக்கு வருகிறேன். திரும்பி வருகிறவர்களில் பலர் இன்று போய்ச் சேரும் இடம் செல்போன் திரையில் நடக்கும் வகுப்பு. இந்தப் போக்கு எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு பேர் ஒரே தாளத்தில் சேர்ந்து பாட வேண்டுமானால் ஒருவர் குரல் மற்றவருக்குச் சுமார் 30 மில்லி செகண்டுக்குள் எட்ட வேண்டும். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒலி வந்து சேர ஆகும் நேரம் அது. சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் நூறு மில்லி செகண்டைத் தாண்டும். பேசிக்கொள்ள அது போதும். சேர்ந்து பாட முடியாது. டீச்சர் போடும் தாளமும் மாணவர் போடும் தாளமும் ஒன்றுக்கொன்று இடிக்கும். அதனால் என்ன செய்கிறார்கள்? "எல்லாரும் மியூட்ல போட்டுண்டு என்கூடப் பாடுங்கோ." இருபது பேர் இருபது வீட்டில் பாடுகிறார்கள். ஒருவர் பாடுவதும் டீச்சர் காதில் விழுவதில்லை. நங்கநல்லூரில் ஒரு விரல் அசைவில் சரியான ரிஷபம், இங்கே ஆறு மாதம் தூக்கலாகவே பாடப்பட்டு அப்படியே தொண்டையில் உறைந்துவிடும்.

தம்புராவின் கதி இன்னும் மோசம். வீடியோ அழைப்புச் செயலிகளில் இரைச்சலை வடிகட்டும் வசதி இருக்கிறது. மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அடக்கிவிடும். தம்புரா மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதற்கென்றே இருக்கும் வாத்தியம். மாணவர் வீட்டில் அது ஒலித்துக்கொண்டிருக்கும், டீச்சருக்கு அறுந்து அறுந்து கேட்கும், பல நேரம் கேட்கவே கேட்காது. சுருதி சேர்ந்ததா என்று எதை வைத்துச் சொல்வார்? அமைப்புகளுக்குள் போய் இந்த வடிகட்டியை அணைக்க வழி இருக்கிறது. எத்தனை பேருக்கு அது தெரியும்?

இதோடு சேர்ந்து வருகிறது 'இத்தனை மாதத்தில் பஞ்சரத்னம்' என்ற விளம்பரம். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் பகுள பஞ்சமி அன்று காவிரிக் கரையில் உட்கார்ந்து நாட்டை முதல் ஸ்ரீ ராகம் வரை ஐந்து கீர்த்தனைகளையும் கூட்டத்தோடு பாட வேண்டும் என்பது பலருக்கும் ஆயுள்கால ஆசை. ஒரு காலத்தில் பெண்கள் அங்கே உட்கார்ந்து பாட முடியாத நிலை இருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைச் செலவழித்துத் தியாகராஜர் சமாதியில் கோயில் எழுப்பி, போராடி வாங்கிய உரிமை அது. அந்த இடத்துக்கு ஆசைப்படுபவர்களிடம் சாஹித்தியத்தை மனப்பாடம் செய்யவைத்து, ஒலிப்பதிவைக் கேட்டு ஒப்பிக்கவைத்து அனுப்புகிறார்கள். கூட்டத்தில் குரல் மறைந்துவிடும். வீட்டுக்கு வந்து தனியாகப் பாடினால் பழைய சந்தேகம் எழுந்து நிற்கும். இந்த முறை விட்டால் மறுபடி வர மாட்டார்கள். இவர்களுக்கு மூன்றாவது ஆரம்பம் கிடையாது என்பதுதான் என் பதற்றம்.

திரை வகுப்பு இல்லாவிட்டால் நியூஜெர்சியிலும் துபாயிலும் இருப்பவர்களுக்கு வழி ஏது என்பார்கள். உண்மைதான், அவர்களுக்கு அது வரப்பிரசாதம். தாம்பரத்தில் இருந்துகொண்டு குரோம்பேட்டை டீச்சரிடம் திரையில் கற்பவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

உட்கார்ந்து கற்க இடமும் குறைவு. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் சேர்க்கை வயது 12 முதல் 25 வரை. இளைஞர்களுக்கான இடம் அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கட்டடங்கள் மாலையில் சும்மா இருக்கும் ஊர்களில் நாற்பது வயதுக்காரர்களுக்கு வாரம் இரண்டு நாள் வகுப்பு வைத்தால் தேவாரமும் கீர்த்தனையும் கற்க ஆட்கள் வருவார்கள். கோயில் மண்டபங்களும் குடியிருப்புச் சங்கங்களின் கூடங்களும் இருக்கின்றன. பாட்டு டீச்சர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரியவர்களைக் குழந்தைகளின் வகுப்பில் உட்காரவைக்காதீர்கள். அவர்களுக்கென்று சின்ன வகுப்பு வையுங்கள். நாலு பேர் போதும்.

திரும்பிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களே, தயங்காமல் போங்கள். பணம் கட்டும் முன் டீச்சரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "வாரத்தில் எத்தனை நிமிஷம் நான் தனியாகப் பாடுவதைக் கேட்பீர்கள்?" பத்து நிமிஷமாவது என்று பதில் வராவிட்டால், அடுத்த தெருவில் வேறு டீச்சர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.