பாக்கெட்டில் அடங்கும் ஸ்கேன்: நுரையீரலில் நீர் கோத்திருப்பது 5 நிமிடத்தில் தெரியும்… ஆனால் வீட்டுக்கு வராது, ஏன்?

"உங்கப்பாவுக்கு ராத்திரி படுத்தா மூச்சு வாங்குதுப்பா. ரெண்டு தலையணை வெச்சு சாஞ்சுதான் தூங்குறாரு."

ஊரிலிருந்து அம்மா போனில் இப்படிச் சொன்னால், "வயசாச்சுல்ல, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்டில் இருந்தாலும் சரி, பெங்களூருவில் மீட்டிங்கில் இருந்தாலும் சரி, இது அன்றைக்கே கவனிக்க வேண்டிய விஷயம். படுத்தால் மூச்சுத் திணறுவதும், எழுந்து உட்கார்ந்தால் குறைவதும் ஹார்ட் ஃபெயிலியரின் முக்கியமான அறிகுறி.

ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியையே எடுத்துக்கொள்வோம். ஓசூருக்குப் பக்கத்து ஊர்தான். ஆனாலும் மூச்சு வாங்கும் ஒரு பெரியவரை வண்டி பிடித்து ஓசூருக்கோ, கிருஷ்ணகிரிக்கோ, எல்லை தாண்டி பெங்களூருவுக்கோ கூட்டிப்போய், வரிசையில் உட்கார வைத்து எக்கோ எடுப்பது ஒரு முழு நாள் வேலை. அதற்குப் பதில் ஸ்கேன் கருவியே நோயாளியின் கட்டிலுக்கு வந்தால்? கருவி வந்துவிட்டது. ஆனால் அது எந்தக் கட்டில் வரை வரலாம் என்பதில்தான் சிக்கல்.

ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுவிடுவதா?

இல்லை. மாரடைப்பு வேறு, இது வேறு. இதயம் ஒரு பம்ப். அதன் தசை பலவீனமானாலோ விறைத்துப்போனாலோ, வரும் ரத்தத்தை முழுதாக முன்னே தள்ள முடியாது. பின்னால் தேங்கும். சிறுநீரகமோ உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டதாக எண்ணி உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நீர் கால்களில் வீக்கமாகவும், நுரையீரலில் மூச்சுத் திணறலாகவும் வெளிப்படும்.

இது எவ்வளவு ஆபத்து? 2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் ஹார்ட் ஃபெயிலியருக்காகச் சேர்க்கப்பட்ட 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. மேலை நாடுகளில் பெரும்பாலும் 70-ஐத் தாண்டிய பிறகு வரும் நோய் இது. இங்கே மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் சுமார் 8.5%. ஓராண்டுக்குள் பத்தில் மூன்று பேர் உயிரோடு இல்லை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் ஆபத்து தொடர்கிறது என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது.

ஸ்டெதஸ்கோப், எக்ஸ்ரே போதாதா?

தேவைதான். ஆனால் எப்போதும் போதாது. நுரையீரலில் நீர் இருந்தும் ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்காத நோயாளிகள் உண்டு. ஹார்ட் ஃபெயிலியரோடு அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எக்ஸ்ரேயில் நீர் தேக்கம் தெரிவதில்லை என்று அமெரிக்கத் தரவுகள் சொல்கின்றன. 2019-ல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இதயக் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்தவர்களில் 88% பேரை நுரையீரல் ஸ்கேன் கண்டுபிடித்தது. எக்ஸ்ரே கண்டுபிடித்தது 73%.

காற்று நிறைந்த நுரையீரலில் ஸ்கேனுக்கு என்ன வேலை?

டாக்டர்களே ரொம்ப காலம் கேட்ட கேள்வி இது. அல்ட்ராசவுண்ட் என்பது ஒலி அலை. காற்று அதை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். அதனால் ஆரோக்கியமான நுரையீரலில் திரையில் தெரிவது படுக்கைவாட்டுக் கோடுகள் மட்டும்தான். நீர் சேர்ந்தால் காட்சி மாறும். மேலிருந்து திரையின் அடிவரை செங்குத்தான வெளிச்சக் கோடுகள் இறங்கும், மூச்சோடு சேர்ந்து அசையும். இவற்றுக்கு 'பி கோடுகள்' என்று பெயர். பிரான்ஸின் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன் 1997-ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தக் கோடுகளின் மீது கவனத்தைத் திருப்பியது.

மார்பின் இரு பக்கமும் சேர்த்து எட்டு இடங்களில் புரோபை வைத்துப் பார்ப்பது வழக்கம். ஓர் இடத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் கோடுகள் தெரிந்தால் அது 'பாசிட்டிவ்'. இரண்டு பக்கமும் இப்படி இரண்டு இடங்களுக்குக் குறையாமல் இருந்தால், நீர் கோத்திருக்கும் சந்தேகம் வலுவாகும். பழகிய கைக்கு ஐந்து நிமிட வேலை.

அடுத்து வயிற்றின் மேல்பகுதி. உடம்பின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை அங்கே தெரியும். அது 2.1 செ.மீ.க்கு மேல் உப்பி, மூச்சை உள்ளிழுக்கும்போது பாதிகூடச் சுருங்காமல் இருந்தால், இதயத்துக்குள் நுழைய முடியாமல் ரத்தம் தேங்குகிறது என்று அர்த்தம். கடைசியாக இதயத்தையே பார்க்கலாம். நன்றாகத் துடிக்கிறதா, சோர்ந்து துடிக்கிறதா என்று ஒரு மேலோட்டமான மதிப்பீடு கிடைக்கும்.

கருவி எப்படி இவ்வளவு சின்னதாச்சு?

2010 வாக்கிலேயே ஜிஇ நிறுவனம் வீஸ்கேன் என்ற கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வழக்கமான புரோபில் ஒலியை எழுப்புவது மின்சாரம் பட்டால் அதிரும் படிகங்கள். பட்டர்ஃப்ளை ஐக்யூ என்ற கருவி அவற்றுக்குப் பதிலாக ஒரு சிலிக்கான் சிப்பைப் பயன்படுத்தியது. அதற்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புரோபை போனில் செருகினால் போன் திரையே ஸ்கேன் திரை.

டிஸ்சார்ஜ் நாளில்தான் நிஜப் பயன்

ஊசி போட்டு, நீர் பிரியும் மருந்து கொடுத்து, இரண்டு மூன்று நாளில் அப்பா "இப்ப பரவாயில்லை, வீட்டுக்குப் போலாம்" என்பார். கால் வீக்கமும் வடிந்திருக்கும். ஆனால் நுரையீரலில் மிச்ச நீர் இருக்கலாம். டிஸ்சார்ஜ் நேரத்தில் பி கோடுகள் நிறைய மிச்சம் உள்ளவர்கள் மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்புவது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

பார்சிலோனாவில் டிஸ்சார்ஜ் ஆன 123 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஆறு மாதம் கவனித்தார்கள். ஒரு குழுவுக்கு நுரையீரல் ஸ்கேனைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றினார்கள். 2019-ல் வெளியான முடிவின்படி, அந்தக் குழுவினர் மூச்சுத் திணறி அவசரமாக ஓடிவருவது குறைந்தது. ஆனால் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அதாவது நல்ல கருவிதான், மந்திரக்கோல் இல்லை.

நிமோனியாவிலும், நுரையீரல் தழும்பிலும் பி கோடுகள் வரும். வால்வு கோளாறின் அளவைத் துல்லியமாகச் சொல்ல முழு எக்கோதான் வேண்டும். பார்ப்பவருக்குப் பயிற்சி இல்லாவிட்டால் கருவி இருந்தும் பிரயோஜனமில்லை.

சரி, வீட்டுக்கே கொண்டுவர முடியாதா?

இங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. நுரையீரலைப் பார்க்கும் அதே புரோபால் கருவையும் பார்க்கலாம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. இந்த வட்டாரத்தில் கையடக்க ஸ்கேனோடு போய்க் கருவின் பாலினம் சொன்னவர்கள் கைதான செய்திகள் சமீப ஆண்டுகளிலும் வந்திருக்கின்றன.

கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும். 2012-ல் சேர்க்கப்பட்ட விதி, கையடக்கக் கருவியை இரண்டே சூழலில் அனுமதிக்கிறது. ஒன்று, பதிவு பெற்ற மருத்துவமனை வளாகத்துக்குள், உள்நோயாளிகளுக்கு. இரண்டு, பிற மருத்துவச் சேவைகளையும் சேர்த்து வழங்கும் நடமாடும் மருத்துவப் பிரிவின் பகுதியாக. தெரிந்த டாக்டரே ஆனாலும், தன் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போக முடியாது.

இந்த இரண்டாவது வாசலைத்தான் கவனிக்க வேண்டும். வீட்டுக்கே போய் பிபி, சுகர் மருந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். தமிழ்நாட்டில் கிராமங்களுக்குப் போகும் நடமாடும் மருத்துவ வாகனங்களும் உண்டு. பதிவு செய்த கருவி, பயிற்சி பெற்ற டாக்டர், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பதிவேடு. இவை மூன்றும் அந்த வாகனத்தில் இருந்தால், பெண் குழந்தைகளுக்கான பாதுகாப்பைத் தளர்த்தாமலே தொரப்பள்ளிப் பெரியவரின் நுரையீரலை ஊரிலேயே பார்க்கலாம்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்?

• டிஸ்சார்ஜுக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்: "நுரையீரல்ல நீர் முழுசா வடிஞ்சிடுச்சா சார்? ஸ்கேன்ல பார்க்க முடியுமா?" கேட்பதில் தப்பே இல்லை.

• வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்கி வையுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

• ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றிலும் உப்பு அதிகம். களிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பிலும் உப்பைக் குறைக்க வேண்டும்.

• மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

• "நல்லாயிட்டேன்" என்று மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

• உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை, உதடு நீலமாகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

இன்றைக்கு ராத்திரி போன் பேசும்போது, "சாப்டியா"வோடு இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள்: "அப்பா எத்தனை தலையணை வெச்சுத் தூங்குறாரும்மா?"