குடியிருப்புத் தெருக்களில் வேக வரம்பு

தெற்கு டில்லியில் அரவிந்தர் மார்க்கை ஒட்டி அமைந்துள்ளது ஐ.என்.ஏ. மார்க்கெட். கறிவேப்பிலை, தேங்காய், மீன் ஆகியவற்றை நாடித் தமிழரும் மலையாளிகளும் பல்லாண்டுகளாக இங்கு வருகின்றனர். அருகில் லட்சுமிபாய் நகர், கிட்வாய் நகர் முதலிய அரசு ஊழியர் குடியிருப்புகள் உள்ளன. எதிரே தில்லி ஹாட். சற்றுத் தொலைவில் எய்ம்ஸ், சப்தர்ஜங் மருத்துவமனைகள். 2010-ஆம் ஆண்டு முதல் மெட்ரோ ரயில் நிலையமும் இங்கு இயங்குகிறது. காரில் வருபவராயினும் ரயிலில் வருபவராயினும், கடையை அடையும்போது அனைவரும் பாதசாரிகளே.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குச் செல்லும் பழக்கமுள்ள எனக்கு ஒரு காட்சி மிகவும் பழகிப்போன ஒன்று. இரு கைகளிலும் பைகளுடன் முதியவர் ஒருவர் தெருவைக் கடக்க முற்படுகிறார். பாதி வழியில் ஒரு வாகனம் விரைந்து வருகிறது. முன்னே செல்வதா, பின்வாங்குவதா என்று அவர் தடுமாறுகிறார். அவருடைய உயிர் அக்கணத்தில் ஓட்டுநரின் வேகத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

வேகமும் தொலைவும்

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கிறது. ஆபத்தைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகும் என்று கொள்வோம். உலர்ந்த, நல்ல சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் மொத்தம் 13 அல்லது 14 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்த காருக்கோ அந்தத் தொலைவில்தான் பிரேக் செயற்படவே தொடங்குகிறது. அது நிற்பதற்கு மேலும் 14 மீட்டர் வேண்டும். அதாவது, முதல் கார் நின்றுவிடும் அதே இடத்தில் இரண்டாவது கார் சற்றும் வேகம் குறையாமல் மனிதரை மோதும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், அந்த அடி ஏறத்தாழ 2.8 மடங்கு வலுவானது.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களுள் 32,825 பேர் பாதசாரிகள். மொத்த உயிரிழப்புகளில் பத்தில் ஏழு பங்குக்கு மிகை வேகமே காரணம் என்று அரசு அறிக்கை காட்டுகிறது.

யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு?

அரை கிலோமீட்டர் நீளமுள்ள குடியிருப்புத் தெருவை 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 36 வினாடிகளும், 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 60 வினாடிகளும் ஆகும். விரைவினால் கிட்டும் ஆதாயம் 24 வினாடிகள். தெருமுனையில் உள்ள சிக்னலில் நிற்க நேர்ந்தால் அதுவும் கரைந்துவிடும். இந்தச் சிறிய ஆதாயம் ஓட்டுநரைச் சேர்கிறது. உயிருக்கும் உடலுக்கும் நேரும் பேரிழப்போ நடந்து செல்பவரைச் சேர்கிறது. ஒருவருடைய செயலின் செலவை மற்றவர் சுமக்கும் இந்நிலையைப் பொருளாதாரம் புறவிளைவு என்று குறிப்பிடுகிறது. சந்தை இதைத் தானே சீர்செய்யாது. பொது விதி இன்றியமையாததாகிறது.

சட்டமும் நடைமுறையும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக் கருதி வேக வரம்பு விதிக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளிக்கிறது. 2021 ஜூன் மாதத்தில் டில்லிப் போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்புகளைத் திருத்தியமைத்தது. பெரும்பாலான பெருஞ்சாலைகளில் கார்களுக்கு 60 முதல் 70 கிலோமீட்டர் வரை அனுமதிக்கப்பட்டது. குடியிருப்புப் பகுதிகளின் உட்சாலைகள், வணிகச் சந்தைகள், சர்வீஸ் சாலைகள் ஆகியவற்றில் எல்லா வாகனங்களுக்கும் 30 கிலோமீட்டரே வரம்பு. மருத்துவமனைக்கு விரையும் வாகனங்களுக்குப் பெருஞ்சாலை உண்டு; தெருவில் மெதுவாகச் செல்வதால் நகரின் போக்குவரத்து தடைப்பட்டுவிடாது.

வரம்பை மீறும் இலகு வாகனங்களுக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆயினும் ஒவ்வொரு தெருமுனையிலும் காவலரை நிறுத்துவது இயலாத செயல். தெருவின் அமைப்பே ஓட்டுநரை மெதுவாகச் செல்லத் தூண்ட வேண்டும். அகன்று நேராகக் கிடக்கும் தெரு, பலகையில் 30 என்று எழுதியிருந்தாலும், விரைந்து செல்லவே அழைக்கிறது. குறுகலாக்கப்பட்ட சந்திப்பு, உயர்த்தப்பட்ட பாதசாரிக் கடவை, முறையான வேகத்தடை ஆகியன இரவும் பகலும் பணியாற்றும் காவலர்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு வளைவாக அமைதல் வேண்டும். குடியிருப்போர் தாமே எழுப்பும் செங்குத்தான மேடுகள் இருசக்கர வாகனத்தில் செல்வோரை வீழ்த்துவனவாகும்.

பிற நாடுகளின் அனுபவம்

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-இல் முதன்மைச் சாலைகள் நீங்கலாக நகர் முழுவதும் 30 கிலோமீட்டர் வரம்பை நடைமுறைப்படுத்தியது. பாரிஸ் நகரம் 2021 ஆகஸ்டில் பெரும்பாலான தெருக்களில் இதனைக் கொணர்ந்தது. 2023 செப்டம்பரில் வேல்ஸ் நாடு மணிக்கு 20 மைல் வரம்பை விதித்தபோது நான்கரை லட்சத்துக்கும் அதிகமானோர் எதிர்ப்பு மனுவில் கையொப்பமிட்டனர். பின்னர்ச் சில சாலைகளின் வரம்பை மறுபரிசீலனை செய்ய அங்கு வழிவகை செய்யப்பட்டது. எந்தச் சாலை போக்குவரத்துக்கு, எந்தத் தெரு மக்கள் வாழ்வதற்கு என்பதைத் தெளிவாகப் பிரித்து, மக்களிடம் முன்கூட்டியே விளக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

செய்ய வேண்டுவன

விதி ஏற்கெனவே உள்ளது. நகராட்சி, பொதுப்பணித்துறை, காவல்துறை ஆகியவை இணைந்து அதற்குத் தெருவில் உருக்கொடுப்பதே எஞ்சியுள்ள பணி. பள்ளி, மருத்துவமனை, சந்தை ஆகியவற்றைச் சுற்றியுள்ள தெருக்களில் முதலில் தொடங்கலாம். இதற்காகும் செலவு, ஒரு மேம்பாலத்திற்காகும் செலவோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. வாகனம் ஓட்டும் நாமும் 24 வினாடிகளை விட்டுக்கொடுக்க மனமிசைந்தால், பைகளுடன் நிற்கும் அம்முதியவர் அச்சமின்றித் தெருவைக் கடப்பார்.