கூட்டம் வந்தா மட்டும் போதுமா? திருவண்ணாமலையின் ‘தீம் பார்க்’ கணக்கு

பௌர்ணமி நெருங்கினால் திருவண்ணாமலையில் ரூம் கிடைப்பது லாட்டரி அடிக்கிற மாதிரி. மற்ற நாளில் சாதாரண வாடகைக்குக் கிடைக்கும் அறை, அன்றைக்கு மட்டும் பல மடங்கு விலை சொல்லும். ‘டூரிஸ்ட் ஊர்னா அப்படித்தான் இருக்கும்’ என்று கடந்து போய்விடலாம். ஆனால் சிக்கல் வாடகையோடு முடியவில்லை. இன்றைக்கு வரும் காசுக்காக, நாளைக்கும் ஆட்களை வரவழைக்கப்போகிற மலையையும் பாதையையும் ஊர் தேய்த்துக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கூட்டம் ஏன் கூடிக்கொண்டே போகிறது?

அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர், வழியில் அஷ்ட லிங்கங்கள். கிரிவலம் பழைய வழக்கம்தான். வந்து சேரும் வழிதான் சுலபமாகிவிட்டது. சென்னை கடற்கரை – வேலூர் மின்சார ரயில் 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஊர் மாநகராட்சி ஆனது. ரீல்ஸ் பார்த்துவிட்டு வார இறுதியில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புபவர்கள் இன்னொரு பக்கம். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் மட்டும் இருந்த நெரிசல், சாதாரண சனி, ஞாயிறுக்கும் வந்துவிட்டது.

தீம் பார்க்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு தீம் பார்க் இரண்டு விதமாகச் சம்பாதிக்கலாம். டிக்கெட்டை அள்ளி விற்று, பராமரிப்பில் கை வைத்தால் இந்த ஆண்டு லாபம் ஏறும். அல்லது ஒழுங்காகச் செலவு செய்து, இடம் நிரம்பியதும் கேட்டை மூடினால், லாபம் மெதுவாக வந்தாலும் பெயர் நிற்கும். அமெரிக்காவின் டிஸ்னிலேண்ட் கூட இடம் நிரம்பிவிட்டால் ஆட்களை உள்ளே விடுவதில்லை.

தனியார் பார்க்கில் தவறு நடந்தால் அடி உடனே விழும். 2025 மே மாதம் சென்னை ஈசிஆரில் உள்ள விஜிபி பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினம் பழுதாகி, அதில் இருந்தவர்கள் உயரத்தில் சிக்கிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறை வந்து இறக்கியது. அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதைப் பார்த்த குடும்பம் அடுத்த லீவுக்கு இரண்டு முறை யோசிக்கும். அந்தப் பயம்தான் முதலாளிக்கு பிரேக்.

திருவண்ணாமலையில் அந்த பிரேக்கே இல்லை. கழிப்பறை இல்லை, குப்பை மிதிபடுகிறது, வாடகை கொள்ளை என்று எத்தனை குறை இருந்தாலும் பக்தர் அடுத்த பௌர்ணமிக்கும் வருவார். அவர் வருவது லாட்ஜுக்காக அல்ல, அண்ணாமலையாருக்காக. வாடிக்கையாளர் கைவிட்டுப் போகமாட்டார் என்று தெரிந்தால், தரத்துக்கு யார் செலவு செய்வார்?

நஷ்டம் யார் தலையில் விழுகிறது?

சம்பாதிப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர். நீர் வழியை அடைத்துக் கட்டிடம் எழுப்பினால் வாடகை கட்டியவருக்கு வரும். வெள்ளம் பள்ளத்துத் தெருவுக்குப் போகும்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையில் மலையடிவாரத்தின் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அங்கே இருந்தது ஏழைக் குடும்பங்களின் குடியிருப்பு. சரிவுக்கு முதல் காரணம் அசாதாரண மழை. ஆனால், மலைச்சரிவு எவ்வளவு தாங்கும் என்று யாராவது முன்னரே கணக்குப் போட்டார்களா என்ற கேள்வி அன்றோடு பெரிதானது. அந்த ஆண்டு தீபத்துக்குப் பொதுமக்கள் மலையேற அனுமதி இல்லை. மலையில் உள்ள ஆக்கிரமிப்புகள் பற்றிய வழக்கும் உயர் நீதிமன்றத்தில் சூடுபிடித்தது.

இது திடீரென்று வந்த பிரச்சினை இல்லை. கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டிய விவகாரம் பல ஆண்டுகளுக்கு முன்பே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வெயிலில் வெறுங்காலோடு நடப்பவருக்கு அந்த நிழலும் ஒரு வசதிதான். ஆனால் நிழலுக்கு யாரும் பில் போடுவதில்லை. அதனால் எந்தக் கணக்கிலும் அது வரவில்லை.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

வைஷ்ணவ தேவி கோயிலுக்கு ஒரு நாளைக்கு 50,000 பேருக்கு மேல் கூடாது என்று 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. பிறகு வாகனங்களுக்கே உச்சவரம்பு வந்தது. ஊட்டிக்கு சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000. இரண்டுமே நீதிமன்றம் தலையிட்டபிறகுதான் நடந்தது என்பதையும் கவனிக்கணும்.

அப்போ கிரிவலத்துக்கும் டிக்கெட் போடலாமா?

வேண்டாம். காசில்லாதவரும் கோடீஸ்வரரும் ஒரே ரோட்டில் நடப்பதுதான் கிரிவலத்தின் அழகு. பூ விற்பவர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர் என்று பல குடும்பங்களின் அடுப்பு எரிவதும் இந்தக் கூட்டத்தால்தான். கட்டுப்படுத்த வேண்டியது நடப்பவரை அல்ல. ஊருக்குள் நுழையும் கார்களை எண்ணலாம். அறை வாடகைக்கு உச்சவரம்பு வைத்து வாசலில் எழுதிப்போடச் சொல்லலாம். மலைச்சரிவிலும் நீர் வழியிலும் புதுக் கட்டிடத்துக்கு ‘நோ’ சொல்லலாம். பௌர்ணமி வருமானத்தில் ஒரு பங்கை கழிப்பறைக்கும் குடிநீருக்கும் மரங்களுக்கும் திருப்பலாம்.

ராட்டினம் பழசானால் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டலாம். மலைக்கு அந்த வசதி கிடையாது.