பழைய வீடும் பழைய வெந்நீர்க் கலமும்

காவலூர் என்றதும் வெளியூராருக்கு நினைவில் எழுவது வைணு பாப்பு வானாய்வகமே. 1986-ஆம் ஆண்டு அங்கே இயக்கி வைக்கப்பெற்ற 2.3 மீட்டர் தொலைநோக்கி இவ்வூரின் பெயரை உலகறியச் செய்தது. சவ்வாது மலையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்விடத்தை அறிவியலார் தேர்ந்ததற்கு இருண்ட, தெளிந்த இரவு வானம் ஒரு முக்கியக் காரணம். அதே தெளிந்த வானந்தான் இங்குள்ள இல்லங்களில் வெந்நீரை ஒரு தேவையாக்குகிறது. மேகப் போர்வையற்ற இரவில், பகலெல்லாம் பெற்ற வெப்பத்தை நிலம் விரைந்து இழந்துவிடும். மார்கழி, தை விடியற்காலையில் தொட்டித் தண்ணீரில் கை வைத்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இம்மலையிலோ, அடிவாரத்து ஆலங்காயம், வாணியம்பாடிப் பகுதிகளிலோ பழைய வீட்டை விலை பேசுவோர் தரையைப் பார்ப்பர். கூரையின் கசிவைப் பார்ப்பர். கிணற்றை எட்டிப் பார்ப்பர். குளியலறைச் சுவரில் தொங்கும் கீசரையும், மொட்டை மாடியில் உள்ள சூரிய வெந்நீர்ச் சாதனத்தையும் 'இருக்கிறது' என்று மட்டும் குறித்துக்கொண்டு திரும்புவர். (மலையில் நிலமும் வீடும் வாங்குவோர் பட்டாவில் நிபந்தனை ஏதும் உண்டா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் முதலில் கேட்டறிதல் வேண்டும். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.)

பணி ஓய்வு பெற்ற ஒருவரும் அவர்தம் மனைவியும் இதுபற்றி நம்மிடம் ஆலோசனை கேட்க வந்தனர். "சாமி, வீடு மனசுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கீசருக்குப் பன்னிரண்டு வயது. மாடியில் இருப்பதற்கு அதைவிட அதிகம். அதைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்கலாமா?" என்றார் கணவர். "வாத்தியாரிடம் போய்ப் பேரம் பேசுவதா?" என்றார் அம்மையார். வீட்டை விற்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். இவர்களுக்குப் பல்லாண்டு பழக்கமானவர். அம்மையாரின் கூச்சம் நல்ல குணமே. ஆயினும் கேட்காமல் வாங்கிவிட்டு, மூன்று ஆண்டுகள் ஊரெல்லாம் அவரைக் குறைகூறித் திரிவதைவிட, வாங்குமுன் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது நட்புக்கு நல்லது என்றோம்.

கேட்குமுன் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. வயதும் பழுதும் ஒன்றல்ல. கீசரின் பெயர்த்தகட்டிலோ, நட்சத்திர முத்திரைச் சீட்டிலோ ஆண்டு பொறித்திருக்கும். ஆனால் பத்தாண்டு உழைத்தும் நலமாயிருப்பவை உண்டு. உப்புத் தண்ணீரால் நான்கே ஆண்டில் உயிர்விட்டவையும் உண்டு. சுடுகம்பி எரிந்துபோனால் மாற்றலாம். தெர்மோஸ்டாட் பழுதானால் மாற்றலாம். இரண்டும் சிறு செலவு. உள்ளே தொங்கும் மக்னீசியத் தண்டு, தான் அரிக்கப்பட்டுக் கலத்தைக் காப்பது. அதையும் காலத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கலமே துருவேறி அடியில் கசியத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. குழாயில் பழுப்பு நிறத் தண்ணீர் வருகிறதா, அடிப்பாகத்தில் ஈரத்தடம் இருக்கிறதா, சுடும்போது கடகடவென்று ஓசை எழுகிறதா என்று பாருங்கள். அவ்வோசை உள்ளே சுண்ணாம்புப் படிவம் சேர்ந்ததற்கு அடையாளம். 25 லிட்டர் கொள்ளும் 2000 வாட் கீசர், 20 டிகிரித் தண்ணீரை 50 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ அரைமணி நேரம் போதும். அதற்கு மேல் வெகுநேரம் ஆனால் மின்பணியாளரை அழைத்துக் காட்டுதல் நலம். அவர் வந்திருக்கும்போதே நில இணைப்புக் கம்பி உண்மையில் நிலத்தைத் தொடுகிறதா, மின்கசிவைத் துண்டிக்கும் கருவி பொருத்தியிருக்கிறதா, பாதுகாப்பு வால்வு அடைபடாமல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இவை விலையைப் பற்றிய கேள்விகள் அல்ல, உயிரைப் பற்றியவை.

சூரிய சாதனத்தை நண்பகலில் போய்ப் பார்ப்பதில் பயனில்லை. நண்பகலில் எதுவும் சுடும். நல்ல வெயில் அடித்த நாளுக்கு மறுநாள், விடியற்காலையில், எவரும் குளிக்குமுன் குழாயைத் திறக்க வேண்டும். அப்போதும் தண்ணீர் சூடாயிருந்தால் தொட்டியின் வெப்பக்காப்பு நன்றாயிருக்கிறது. வெதுவெதுப்பே இல்லையெனில் காப்பு நனைந்து கெட்டிருக்கலாம், அல்லது செப்புக் குழாய்கள் படிவத்தால் அடைபட்டிருக்கலாம். கண்ணாடிக் குழாய் வகையாயின் உடைந்தவை எத்தனை என்று எண்ணிக்கொள்க. குரங்குகள் உலவும் மலையில் இது வீண் வேலையன்று.

இனி, நியாயம் யாது? இக்கேள்வி பழமையானது. கி.மு. 44-இல் உரோமைப் பேச்சாளர் சிசெரோ, கடமைகளைப் பற்றிய தம் நூலில், வீடு விற்பவன் ஒருவனையே எடுத்துக்காட்டாக நிறுத்தினார். வீட்டின் குறைகள் அவனுக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விற்றால் குற்றமா என்பது வழக்கு. 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதை நுணுக்கமாகப் பிரித்தார். வாங்குபவருக்கு ஆபத்தோ நட்டமோ விளைவிக்கும் மறைவான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் குறையாயின், அதற்கேற்ப விலையைக் குறைத்திருந்தால், வாய்திறந்து சொல்லும் கடமை இல்லை. ஒற்றைக்கண் குதிரையை அவர் உவமையாகக் காட்டுவார். துருப்பிடித்த கீசர் ஒற்றைக்கண் குதிரை. சுவருக்குள் அறுந்துபோன நிலக்கம்பி அப்படியன்று.

நம் நாட்டுச் சட்டமும் இதையொட்டியே செல்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாவிடில், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள இயலாத முக்கியக் குறையை, தாம் அறிந்திருந்தும் விற்பவர் மறைப்பதை வஞ்சகம் என்றே கூறுகிறது. 'சாதாரணக் கவனம்' என்ற சொற்களைக் கவனிக்க. குழாயைத் திறந்தே பார்க்காதவர் பின்னர் புலம்பிப் பயனில்லை. அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, வீட்டோடு பூட்டு, சாவி, கதவு, சன்னல், நிலையான பயனுக்கென அமைத்த ஏனைய பொருள்கள் யாவும் வாங்குபவரைச் சேரும். ஆனால் இரண்டு திருகாணிகளில் தொங்கும் கீசர் நிலையான பொருளா என்று வாதிட இடமுண்டு. வீட்டைக் காலி செய்யும் நாளில் அதைக் கழற்றிச் சென்றவர்களை நாம் அறிவோம். பழைய வீடுகளின் செம்பு பாய்லரோ, நகர்த்தக்கூடிய பொருள். அது விற்பவருக்கே உரியது. வெந்நீர்ச் சாதனங்களில் வயதானாலும் எடைக்கு விலை போவது அது ஒன்றுதான்!

எவ்வளவு குறைக்கக் கேட்பது? புதுக் கீசரின் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டு உழைத்ததற்கு ஈடாக அந்த முழுத்தொகையையும் கேட்பது, நம் கருத்தில், பேராசை. வீட்டின் பழமையைக் கருதியே அவர் விலை சொல்லியிருப்பார். ஆனால் 'வெந்நீர் வசதியுடன்' என்று சொல்லி விலை வைத்து, வெந்நீரே வராவிட்டால் கேட்பது உரிமை. பணியாளரிடம் செலவுக் கணக்கை எழுதி வாங்கி விற்பவர் முன் வைத்தால் பேச்சு மனிதரைப் பற்றியதாகாமல் பொருளைப் பற்றியதாகும். "நானே புதிது மாட்டித் தருகிறேன்" என்று அவர் சொன்னால், நன்றி கூறி, விலைக்குறைப்பையே கேட்பது மேல். விட்டுப்போகும் வீட்டுக்கு எவரும் சிறந்ததை வாங்குவதில்லை.

ஒன்றில் மட்டும் பேரத்துக்கு இடமில்லை. காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு கீசர் இருந்தால், அதை இலவசமாகத் தந்தாலும் ஏற்காதீர்கள். அதிலிருந்து எழக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குளிக்கச் சென்றவர் மயங்கி வீழ்ந்து, கதவை உடைத்தபோது உயிரோடில்லாத துயரங்கள் நம் நாட்டில் பலமுறை நேர்ந்துள்ளன.

பிள்ளைகள் கனடாவில் வீடு வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அங்கே உறைபனிக் காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலை நின்றால் குடியிருக்கவே இயலாது. ஆகவே அதன் வயதைக் கேட்காமல் எவரும் விலை பேசார். ஒன்ராறியோ மாநிலத்தில் வெந்நீர்க் கலம் பல வீடுகளில் வாடகைக்கு எடுத்ததாயிருக்கும். அவ்வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி நிறுவனங்கள் வீட்டு உரிமைப் பதிவேட்டிலேயே குறிப்பு ஏற்றிவந்ததால், வீட்டை விற்கும்போது பெருந்தொகை கட்டும்படி ஆயிற்று. 2024-இல் அம்மாநிலம் சட்டமியற்றி அதைத் தடுத்தது. நம் ஊரிலும் மாடியில் உள்ள சாதனம் தவணையில் வாங்கியதா, தவணை தீர்ந்ததா என்று கேட்பதில் தவறில்லை.

நம்மிடம் வந்த தம்பதியர் ஆசிரியரிடம் சென்று பேசினர். அவர் கோபிக்கவில்லை, சூரிய சாதனம் மழைக்காலத்தில் உதவாது என்பதையும், கீசரின் வால்வு ஒருமுறை அடைபட்டதையும் தாமே சொன்னாராம். ஒரு தொகை குறைந்தது. கீசரும் சூரிய சாதனமும் வீட்டோடு சேரும், பாய்லர் சேராது என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டனர். கிரயப் பத்திரம் பதிவாவதற்கு முந்திய நாள் மாலை மீண்டும் ஒருமுறை சென்று, எல்லாம் அதே இடத்தில் உள்ளனவா என்று பார்த்து, குழாயைத் திறந்து சோதித்த பின்னரே மீதித் தொகைக்குக் காசோலை எழுதினர்.